திரையிலிருந்து மேடைக்கு: பாடும் நடிகரின் மீள்வருகை – சங்கரதாஸ் சுவாமிகளின் இசைநாடக மரபை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

புகழ்பெற்ற திரைப்படமொன்றை இசைநாடகமாக மேடையேற்றுவது உலக அரங்கில் வேரூன்றிய முறையாகும். இந்தியாவில் இதற்குச் சிறந்த சான்று 2016இல் மும்பையில் அரங்கேறிய ‘முகல்-ஏ-ஆசம்’ இசைநாடகம். நாடகத்திலிருந்து திரைப்படம் தோன்றியமைக்குத் தமிழில் சான்றுகள் மிகுதி. திரைப்படம் முழுமையாக இசைநாடகமாக மாறுவதோ ஒரு மரபாக நிலைபெறவில்லை. திரையிலிருந்து மேடைக்கு வரும் தழுவலில் அடிப்படை மாற்றத்திற்கு உள்ளாவது கதையன்று, குரலுக்கும் உடலுக்கும் இடையிலான உறவே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அவ்வுறவை மீட்பதற்குரிய கலைத்திறன் தூத்துக்குடி மண்ணில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் இசைநாடக மரபில் உள்ளது என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: இசைநாடகம், தழுவல், பின்னணிக் குரல், பின்பாட்டு, ஸ்பெஷல் நாடகம், சங்கரதாஸ் சுவாமிகள், முகல்-ஏ-ஆசம், திருவிளையாடல்

1. முன்னுரை

தழுவல் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கதை, பாத்திரம், உரையாடல் ஆகியவற்றின் மாற்றங்களையே ஒப்பிடுகின்றன. நாவல் திரைப்படமாகும்போது இவ்வொப்பீடு போதுமானதாக இருக்கலாம். பாடல்களால் நினைவில் நிற்கும் திரைப்படம் மேடைக்கு வரும்போது அது போதாது. கதையும் உரையாடலும் பெரும்பாலும் அப்படியே இருக்க, பாடுபவர் யார் என்பது மட்டும் முற்றிலும் மாறிவிடுகிறது. திரையில் ஒருவர் நடிக்க, மற்றொருவர் பாடினார். மேடையிலோ நடிப்பவரே பாட வேண்டும்.

இம்மாற்றம் தமிழ் நாடக வரலாற்றுக்குப் புதியதன்று. தமிழ் மேடை ஒரு காலத்தில் பாடும் நடிகர்களின் மேடையாகவே இருந்தது. எனவே, திரைப்படத்தை இசைநாடகமாக்கும் முயற்சியைத் தமிழ்ச் சூழலில் ஆராய்வோர், அதனை மேலைநாட்டு இறக்குமதி என்று கொள்வதற்கு முன் அம்மரபைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

2. தூத்துக்குடியும் பாடும் நடிகர் மரபும்

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். இளமையில் உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணியாற்றினார். முத்துக்குளித்தலும் உப்பு வாணிகமும் சிறந்த ஒரு துறைமுகப் பகுதியில் தொடங்கிய அவர் வாழ்க்கை, இருபத்து நான்காம் வயதளவில் நாடகத்தின்பால் திரும்பியது. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் இச்சபையில் பயின்றவர்கள். 1922இல் புதுச்சேரியில் சுவாமிகள் மறைந்தார்.

‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘கோவலன்’ முதலிய அவருடைய நாடகங்களில் பாடல் ஓர் அணியாக அமைவதில்லை. பாத்திரம் மேடைக்கு வருதல், தன்னை அறிமுகம் செய்தல், வாதிடுதல், வருந்துதல் ஆகிய அனைத்தும் பாடல் வழியே நிகழ்கின்றன. ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் இடையே நிகழும் தர்க்கம் இதற்குத் தக்க சான்று. வாதத்தின் வெற்றி தோல்வி சொல்லின் கூர்மையைப் போலவே பாடுவோரின் இசைத்திறத்தையும் பொறுத்தது. பாடத் தெரியாத நடிகர் இம்மரபில் பாத்திரமேற்க இயலாது. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோரின் பெரும்புகழ் இவ்விலக்கணத்தின் மீது எழுந்ததே.

தொடக்ககாலத் தமிழ்ப் பேசும்படங்கள் இம்மேடையின் நீட்சியாகவே அமைந்தன. 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘பவளக்கொடி’ ஏறத்தாழ 50 பாடல்களைக் கொண்டிருந்தது. அதில் நாயகனாக அறிமுகமான எம். கே. தியாகராஜ பாகவதரும் மேடையில் பாடி நடித்துப் புகழ்பெற்றவரே. இக்காலத்தில் கலைஞர்கள் மேடையிலிருந்து திரைக்குப் பெயர்ந்தபோது குரலும் உடலும் ஒன்றாகவே பெயர்ந்தன.

3. பின்பாட்டும் பின்னணியும்

இவ்வொற்றுமை குலையத் தொடங்கிய இடமாக 1938இல் ஏ. வி. மெய்யப்பன் தயாரித்த ‘நந்தகுமார்’ திரைப்படத்தைக் குறிப்பிடுவர். அதில் நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். முதல் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்த ஏழு ஆண்டுகளில், நடிப்பவர் பிறர் குரலுக்கு வாயசைக்கும் நிலை தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பின்னணிக் குரல் பொதுவிதியாயிற்று. கே. பி. சுந்தராம்பாள், டி. ஆர். மகாலிங்கம், பி. பானுமதி போன்ற பாடும் நடிகர்கள் விதிவிலக்காயினர்.

இங்கு இரண்டு சொற்களை வேறுபடுத்திக் காண்பது பயனுடையது. மேடையில் ‘பின்பாட்டு’ என்றொரு வழக்கு உண்டு. ஹார்மோனியக் கலைஞர் நடிகரோடு சேர்ந்து பாடுவார். நடிகர் மூச்சு வாங்கும்போது அடியை எடுத்துக் கொடுப்பார், மேல்சுருதியில் துணை நிற்பார். அவர் அவையோர் காணும்படி அமர்ந்திருப்பவர். திரைப்படத்தின் ‘பின்னணிப் பாடகர்’ அவ்வாறல்லர். அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நடிகரின் குரலுக்குத் துணை நில்லாமல், அதற்கு மாற்றாக நிற்கிறார். பின்பாட்டு நடிகரின் குரலைத் தாங்குகிறது; பின்னணி அதனை நீக்கிவிட்டு அவ்விடத்தை நிரப்புகிறது. எனவே மேடையிலும் வேறு குரல்கள் ஒலித்தன என்ற காரணத்தால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

4. உலக அரங்கில் திரைவழி இசைநாடகம்

அமெரிக்க, ஆங்கிலேய அரங்குகளில் திரைப்படத்தைத் தழுவிய இசைநாடகங்கள் பல. 1933ஆம் ஆண்டுத் திரைப்படமான ‘ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்’ 1980இலும், 1994ஆம் ஆண்டு அசைவூட்டப் படமான ‘தி லயன் கிங்’ 1997இலும் பிராட்வே மேடைக்கு வந்தன. நம் பொருளுக்கு இவற்றினும் நெருக்கமானது ‘சிங்கிங் இன் தி ரெயின்’. 1952இல் ஜீன் கெல்லி, ஸ்டான்லி டோனன் ஆகியோர் இயக்கிய இப்படம், 1983இல் இலண்டன் பலேடியம் அரங்கில் இசைநாடகமாயிற்று.

இப்படத்தின் கதையே இரவல் குரலைப் பற்றியது. ஊமைப்படக் காலத்துப் புகழ்மிக்க நடிகை ஒருத்தி, பேசும்படம் வந்தபோது இனிய குரலின்றி இடர்ப்படுகிறாள். இளம் கலைஞர் ஒருத்தி திரைக்குப் பின்னிருந்து அவளுக்காகப் பாடுகிறாள். இறுதியில் திரைச்சீலை விலக்கப்பட, உண்மையில் பாடியவர் யார் என்பது அவைக்குப் புலனாகிறது. இதில் ஒரு முரண் உண்டு. மறைந்திருந்து பாடும் பெண்ணாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கே படத்தின் ஒரு பகுதியில் பெட்டி நாய்ஸ் என்னும் வேறொரு பாடகி குரல் கொடுத்தார். இரவல் குரலை அம்பலப்படுத்தும் படமும் இரவல் குரலின்றி அமையவில்லை.

மேடையில் இம்முரண் நீங்குகிறது. திரைச்சீலை விலகும்போது கதைக்குள் இருக்கும் அவையும் அரங்கில் அமர்ந்திருக்கும் அவையும் ஒன்றாகின்றன. அங்கு நிற்பவள் உண்மையிலேயே பாடுகிறாள் என்பதை அவையோர் நேரில் காண்கின்றனர். திரைப்படம் கதையாகச் சொன்னதை மேடை நிகழ்வாகவே காட்டுகிறது. தழுவலால் மூலத்தின் பொருள் தெளிவடைவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

5. ‘முகல்-ஏ-ஆசம்’: மேடை – திரை – மேடை

இந்தியச் சூழலில் இவ்வாய்வுக்கு முதன்மைச் சான்று ‘முகல்-ஏ-ஆசம்’. இதன் மூலமும் ஒரு நாடகமே. இலாகூரைச் சேர்ந்த இம்தியாஸ் அலி தாஜ் 1922இல் ‘அனார்கலி’ என்னும் உருது நாடகத்தை எழுதினார். சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்த ஆண்டும் அதுவே. அக்கதையை ஒட்டி கே. ஆசிஃப் இயக்கிய திரைப்படம் 1960இல் வெளிவந்தது. இசை நௌஷாத், பாடல்கள் ஷகீல் பதாயூனி. அனார்கலியாக மதுபாலா நடிக்க, லதா மங்கேஷ்கர் பாடினார். தான்சேன் பாத்திரத்தின் பாடல்களை இந்துஸ்தானி இசை மேதை படே குலாம் அலி கான் பாடினார். 1961இல் ‘அக்பர்’ என்னும் பெயரில் இப்படம் தமிழிலும் மொழிமாற்றம் பெற்று வெளிவந்தது. வணிக வெற்றி பெறவில்லை. மொழிமாற்றப் படத்தில் நடிகையின் உடலிலிருந்து பாட்டுக்குரல் மட்டுமன்றிப் பேச்சுக்குரலும் பிரிகிறது என்பது கருதத்தக்கது.

2016 அக்டோபரில் மும்பை தேசிய நிகழ்த்துகலை மையத்தில் ஃபெரோஸ் அப்பாஸ் கான் இயக்கத்தில் இது இசைநாடகமாக அரங்கேறியது. திரைப்படத்திற்கு முதலீடு செய்த ஷாபூர்ஜி பல்லோன்ஜி நிறுவனமே அம்மையத்தோடு இணைந்து மேடையாக்கத்தையும் தயாரித்தது. கதக் நடனக் கலைஞர்கள் பங்கேற்றனர். நடன அமைப்பு மயூரி உபாத்யா, உடையமைப்பு மணீஷ் மல்கோத்ரா. உருது உரையாடல்களுக்கு ஆங்கில எழுத்துவரிகள் காட்டப்பட்டன.

இம்மேடையாக்கத்தின் முதன்மை முடிவு, அனார்கலியாக நடிப்பவரே மேடையில் பாட வேண்டும் என்பது. பிரியங்கா பார்வே, நேகா சர்கம் ஆகிய பாடகியர் அப்பாத்திரத்தை ஏற்றனர். ஏறத்தாழ அறுபதாண்டுகளாக ஒருவர் முகமும் மற்றொருவர் குரலுமாக நினைவில் பதிந்த அனார்கலி, ஒரே ஆளாக அவைமுன் நின்றாள். இதனால் நடிகையின் சுமை இரட்டிப்பாகிறது. மதுபாலாவின் தோற்றத்தோடும் லதாவின் குரலோடும் அவர் ஒருங்கே ஒப்பிடப்படுகிறார்.

ஆயினும் ஈட்டமும் உண்டு. பேரரசர் முன்னிலையில் அஞ்சாது தன் காதலை அறிவிக்கும் கண்ணாடி மாளிகைக் காட்சியே கதையின் உச்சம். திரையில் கூரைக் கண்ணாடிகள்தோறும் அனார்கலியின் உருவம் பன்மடங்காகப் பெருகுகிறது. காட்சியின் ஆற்றல் அப்பெருக்கத்தில் உள்ளது. மேடையிலோ நாயகி ஆடியபடியே, களைப்பையும் கடந்து, தன் குரலிலேயே பேரரசரை எதிர்க்கிறாள். அவள் துணிவு அவையோர் கண்முன் நிகழும் செயலாகிறது.

6. தமிழகத்தில் திரை மேடையேறிய வழிகள்

தமிழகத்தில் திரைப்படம் மேடைக்கு வரவேயில்லை எனல் பொருந்தாது. அது கூறுகளாகப் பிரிந்து வந்தது. தூத்துக்குடியின் தென்பகுதியில் உப்பளங்களையும் துறைமுகத்தையும் அடுத்துள்ள முத்தையாபுரம் போன்ற ஊர்களையும் உள்ளடக்கிய தென்பாண்டிப் பகுதியின் விழா மேடைகளை நோக்கின், இப்பகுப்பு தெளிவாகும். அவற்றை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, மெல்லிசைக் குழு. இங்குத் திரைப்பாடல் பாடுபவரின் உடலோடு அவைமுன் நிற்கிறது. ஆனால் பாத்திரம் இல்லை; பாடுபவர் கதைமாந்தராக மாறுவதில்லை.

இரண்டாவது, ஒலிப்பதிவுக்கு ஆடும் ‘ரிக்கார்டு டான்ஸ்’. இங்கு உடல் உண்டு. நாயகன் அல்லது நாயகியின் சாயலும் உண்டு. குரல் மட்டும் இல்லை. திரைப்படத்தின் பிரிவு அப்படியே மேடைக்கு வந்துவிடுகிறது.

மூன்றாவது, வசன மேடை. சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதி 1957இல் சிவாஜி நாடக மன்றத்தால் மேடையேற்றப்பட்ட ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, 1959இல் பி. ஆர். பந்துலு இயக்கத்தில் திரைப்படமாயிற்று. பின்னர் அதன் வசனங்கள் பள்ளி ஆண்டு விழாக்கள் வழியாக மீண்டும் மேடையேறின. இப்படத்தின் பாடல்களைவிட வசனம் எளிதாக மேடைக்குத் திரும்பியதன் காரணம் ஆராயத்தக்கது. வசனத்தில் நடிகரின் குரலும் உடலும் பிரியவில்லை. ஆகவே, அதனைக் கேட்ட மாணவன் ஒரே ஆளைப் பின்பற்றினால் போதுமானதாயிற்று.

நான்காவது, ஸ்பெஷல் நாடகம். மதுரை, புதுக்கோட்டை முதலிய இடங்களின் நாடக நடிகர் சங்கங்களைச் சார்ந்த கலைஞர்கள் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எனத் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்டு, கூட்டு ஒத்திகையின்றி ஓரிரவில் ஒரு நாடகத்தை நிகழ்த்துவர். சுவாமிகளின் கதையமைப்பும் பாடல்களும் அனைவர்க்கும் பொதுவாகத் தெரிந்திருப்பதால்தான் இது இயல்கிறது. இம்மேடையில் திரைமெட்டுகளும் திரைப்பாடல்களும் இடையிடையே புகுகின்றன. வில்லுப்பாட்டிலும் இவ்வழக்கைக் காணலாம். இதனை மரபின் சீர்குலைவாக மட்டும் மதிப்பிடுதல் ஒருபக்கப் பார்வையாகும். ஒலிவாங்கியின் முன் பிறர்க்காகப் பாடப்பட்ட பாடலை, பாத்திரமேற்ற நடிகர் தன் குரலில் பாடும் இடம் இது. குரல், உடல், பாத்திரம் மூன்றும் இணைவது இந்நான்கனுள் இங்கு மட்டுமே. ஆயினும் இங்கும் திரைப்படம் முழுமையாக வருவதில்லை. அதன் பாடல் மட்டும் வேறொரு கதைக்குள் வந்து சேர்கிறது.

7. ‘திருவிளையாடல்’: ஒரு கருத்துநிலைச் சோதனை

தமிழ்த் திரைப்படமொன்றை முழுமையாக இசைநாடகமாக்கின் எழும் வினாக்களைத் தெளிவுபடுத்த, 1965இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தை எடுத்துக்கொள்ளலாம். இதன் இயக்குநர் ஏ. பி. நாகராஜன் நாடக மேடையில் வளர்ந்தவர். இசை கே. வி. மகாதேவன்.

இப்படத்தின் இசைப்போட்டிப் பகுதி நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. பாணபத்திரராக வரும் டி. ஆர். மகாலிங்கம் தம் குரலிலேயே பாடுகிறார். ஹேமநாத பாகவதராக டி. எஸ். பாலையா நடிக்க, எம். பாலமுரளிகிருஷ்ணா பாடுகிறார். சிவபெருமானாகச் சிவாஜி கணேசன் நடிக்க, டி. எம். சௌந்தரராஜன் பாடுகிறார். படத்தின் பிறிதொரு பகுதியில் ஔவையாராக வரும் கே. பி. சுந்தராம்பாள் தாமே பாடுகிறார். மேடை மரபும் பின்னணி மரபும் ஒரே படத்தில் அருகருகே நிற்கின்றன.

மேடையாக்கத்தில் மகாலிங்கம், சுந்தராம்பாள் ஆகியோரின் பாத்திரங்கள் எளிதில் இடம்பெயரும். அவை மேடை இலக்கணத்திலேயே உருவானவை. ஹேமநாதர் பாத்திரமோ கடினமானது. பாலையாவின் செருக்கு கலந்த நகைச்சுவை நடிப்பும் பாலமுரளிகிருஷ்ணாவின் இசைப்புலமையும் ஒருவரிடத்தில் அமைதல் வேண்டும். சிவபெருமான் பாடும் காட்சியில், ஒருவரே பாடகராகவும் பல கருவிகளை இசைப்பவராகவும் ஒருசேரத் தோன்றுவது ஒளிப்படத் தந்திரம். முகல் கண்ணாடி மாளிகையின் உருவப் பெருக்கத்திற்கு இது இணையானது. மேடை இதனை அவ்வாறே செய்ய முயன்றால் தோற்கும். வெவ்வேறு இசைக்கலைஞர்களைச் சிவனின் கூறுகளாக மேடையில் நிறுத்துவது போன்ற வேறு வழியை அது காண வேண்டியிருக்கும்.

மேலும், இக்கதையின் மையம் யார் பாடல் உயர்ந்தது என்னும் போட்டியாகும். இரவல் குரலோடு நிகழும்போது அப்போட்டி ஒரு கதைநிகழ்ச்சி. நேரடிக் குரலோடு நிகழும்போது அது உண்மைப் போட்டியாகவே ஆகிவிடுகிறது. அவையோரே நடுவராகின்றனர். வள்ளி – நாரதர் தர்க்கத்தைக் கேட்டுப் பழகிய தமிழ் அவைக்கு இது அந்நியமன்று.

8. உரிமைச் சட்டமும் பிரிந்த உரிமைகளும்

குரலும் உடலும் பிரிந்திருப்பது போலவே திரைப்படத்தின் சட்ட உரிமைகளும் பிரிந்துள்ளன. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, திரைப்படத்திற்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமைக்காலம் வெளியீட்டு ஆண்டை அடுத்த 60 ஆண்டுகள். பாடலுக்கும் இசைக்கும் அக்காலம் படைப்பாளரின் மறைவாண்டை அடுத்த 60 ஆண்டுகள். இக்கணக்கின்படி ‘திருவிளையாடல்’ படத்தின் உரிமைக்காலம் 2025 இறுதிவரை. 1981இல் மறைந்த கண்ணதாசனின் பாடல்களுக்கு 2041 இறுதிவரையும், 2001இல் மறைந்த கே. வி. மகாதேவனின் இசைக்கு 2061 இறுதிவரையும் உரிமை நீடிக்கும். எனவே படம் பொதுவுடைமையாவது மட்டும் மேடையாக்கத்திற்குப் போதாது. பாடலுக்கும் இசைக்கும் தனித்தனியே ஒப்புதல் பெறல் வேண்டும். ‘முகல்-ஏ-ஆசம்’ மேடையேறுவதற்கு, படத்தைத் தயாரித்த நிறுவனமே முன்வந்தமை பெருந்துணையாயிற்று எனக் கருத இடமுண்டு.

9. முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பின்வருவன புலனாகின்றன.

திரைப்படம் இசைநாடகமாவது கதையை மறுமுறை சொல்லுதல் அன்று. பின்னணிக் குரல் பிரித்தவற்றை ஒன்றுசேர்க்கும் செயலாகும். ஒலிப்பதிவுக்கு வாயசைத்து நடத்தப்படும் மேடையாக்கம் எத்துணைப் பொருட்செலவில் அமையினும் ‘ரிக்கார்டு டான்ஸ்’ வகையையே சாரும். நேரடிக் குரலே இவ்வகைமையின் அடிப்படை இலக்கணம்.

அவ்விலக்கணம் தமிழ் மேடைக்குப் புதியதன்று. மேலை அரங்கும் மும்பை அரங்கும் பெரும் பயிற்சியால் தேடிக்கொள்ளும் பாடும் நடிகரை, சுவாமிகளின் மரபு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உருவாக்கி வந்துள்ளது. அம்மரபைச் சுமந்து வருவோர் கோயில் விழாக்களையும் ஓரிரவு ஒப்பந்தங்களையும் நம்பி வாழும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களே. எழுத்தில் உள்ள நாடகப் பனுவல்களைப் பதிப்பித்தால் மட்டும் அவர்களுடைய திறன் காக்கப்படாது. ஒத்திகையின்றி ஒருங்கிணையும் முறை, சுருதிக்கேற்ப உரையாடலைத் தொடுக்கும் முறை, பின்பாட்டு இயங்கும் முறை ஆகியன ஒளி-ஒலிப் பதிவுகளாகவும் பயிற்சிக் குறிப்புகளாகவும் தொகுக்கப்படல் வேண்டும். சுவாமிகள் பிறந்த தூத்துக்குடி வட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் இப்பணியை மேற்கொள்ளுதல் பொருத்தமாகும்.

தமிழ்த் திரைப்படமொன்று இசைநாடகமாக மேடையேறும் நாளில் பாட்டும் மெட்டும் ஆவணங்களிலிருந்து எளிதாகக் கிடைக்கும். அவற்றைப் பாடி நடிக்க வல்லவர் கிடைப்பது, அம்மரபினரை நாம் இன்று எவ்வாறு பேணுகிறோம் என்பதைப் பொறுத்தது.